பழைய துப்பாக்கிக்குப் புதிய மெத்தை



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி மலையை அடையலாம். கல்லாற்றைக் கடந்ததும் சாலை 22 கொண்டையூசி வளைவுகளாக ஏறுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், மூடுபனி ஒரு கணம் மூடியும் மறுகணம் விலகியும் விளையாடும் தேயிலைச் சரிவுகள் அங்கே உண்டு. தென்கிழக்கே அகத்தியர் கூடம் நிமிர்ந்து நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இந்த மலைகளைத் திருத்திப் பயிரிட்டபோது, கொழுந்து கிள்ளவும் காடு வெட்டவும் சென்ற கைகளில் தமிழ்க் கைகள் பல. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி மொழிவாரியாக மாநிலங்கள் அமைந்தன. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதுவரை ஒரே அரசின் குடிகளாயிருந்து பொன்முடிக்கு வேலைக்குச் சென்ற நாஞ்சில் நாட்டார், அன்று முதல் இருந்த இடத்திலேயே வெளிமாநிலத் தமிழர் ஆனார்கள்.

இத்தகைய மலைத் தோட்டங்களோடு பிறந்த ஒரு பொருளைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டோம். அதுதான் இரட்டைக் குழல் துப்பாக்கி. காட்டோரத்தில் வாழ்ந்த தோட்ட அதிகாரிகளுக்கும், அவர்களுக்குப் பின் நிலத்தை வாங்கிய நம் நாட்டு விவசாயிகளுக்கும் அது ஒரு வீட்டுச் சாமான். பாட்டனார் காலத்தில் வாங்கியது, தந்தையார் எண்ணெய் தடவிக் காத்தது, இப்போது பேரனுடைய உரிமத்தில் இருப்பது என்று, பல குடும்பங்களில் அது மூன்று தலைமுறை கண்டுவிட்டது.

அந்தத் துப்பாக்கியை இன்று எடுத்துச் சுடுகிறவருக்கு ஒரு சங்கடம் நேர்கிறது. தோட்டா வெடித்ததும் அது தோளில் உதைக்கிறது. இளமையில் பொருட்படுத்தாத உதை, அறுபது வயதில் எலும்பில் ஏறுகிறது. கட்டையின் அடியில் ஒரு ரப்பர் மெத்தை வைத்தால் உதை தணியும் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். ஆனால் மெத்தை வைப்பதற்காகப் பழைய மரத்தை ஓர் அங்குலம் அறுத்துவிட்டால், நூறாண்டுக் கைவேலை ஒன்று என்றென்றைக்கும் குறைபட்டுப் போகும். தோளையும் காக்க வேண்டும், துப்பாக்கியின் பழமையையும் காக்க வேண்டும். இரண்டும் கூடுமா என்பதே நமது இன்றைய கேள்வி.

முதலில் இந்தத் துப்பாக்கிகளின் வரலாற்றைச் சிறிது காண்போம். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது பன்னிரண்டு போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 குண்டுகளாக வார்த்தால், அவற்றில் ஒரு குண்டு எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அதுவே பன்னிரண்டு போர். குழலின் உள்விட்டம் சுமார் 18½ மில்லிமீட்டர். 1875-ல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்ற இருவர், குதிரைகளை வெளியே காட்டாமல் பெட்டிக்குள் அடக்கிய ஓர் எளிய பொறியமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்த அமைப்பைத் தழுவிப் பர்மிங்ஹாம் நகரப் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகளைச் செய்து கப்பலேற்றின. கல்கத்தாவில் மாண்டன், ரோடா முதலிய கடைகளும், சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையும் அவற்றை விற்றன. பழைய துப்பாக்கியின் இரு குழல்களையும் இணைக்கும் மேற்பட்டையைத் துடைத்துப் பார்த்தால், செய்தவர் பெயரோ விற்றவர் பெயரோ பொறித்திருக்கக் காணலாம். அந்த எழுத்து அதன் பிறப்புச் சீட்டு.

குழலும் பொறியும் எஃகு. தோளில் பதியும் பின்பகுதியோ வால்நட் மரம். மரத்தின் இழை கைப்பிடியில் நேராக ஓட வேண்டும், பின்புறம் அலையலையாக விரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உள்ளங்கையால் நாட்கணக்கில் தேய்த்து மெருகேற்றினார்கள். கட்டையின் அடிமுகத்தைச் சிலர் வெறும் மரமாகவே விட்டு, கட்டம் கட்டமாக நுண்ணிய கீறல்களை மட்டும் இட்டார்கள். சிலர் எருமைக் கொம்பிலோ, கருமையான கெட்டி ரப்பரிலோ செய்த தகட்டைப் பதித்தார்கள். வேறு சிலர் குதிகாலிலும் நுனியிலும் மட்டும் எஃகுத் தகடுகளை இட்டு, நடுவில் மரம் தெரிய விட்டார்கள். இந்த அடிமுகத்தைத்தான் மெத்தை போடுகிறவர்கள் முதலில் அழிக்கிறார்கள்.

துப்பாக்கி ஏன் உதைக்கிறது? ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று நியூட்டன் வகுத்த விதியை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். முன்னே போகும் ரவைக்கு எவ்வளவு வேகப் பெருக்கம் கிடைக்கிறதோ, அவ்வளவும் பின்னே துப்பாக்கிக்கும் கிடைக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். தோட்டாவில் ரவை 30 கிராம். அது வினாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. துப்பாக்கியின் எடை 3 கிலோகிராம், அதாவது ரவையைப்போல் நூறு மடங்கு. எனவே ரவையின் பொருட்டு மட்டும் துப்பாக்கி வினாடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். தக்கையும் மருந்துப் புகையும் தம் பங்கைச் சேர்ப்பதால், அது நாலரை மீட்டர் அளவுக்கு உயரும். மூன்று கிலோ எடை அந்த வேகத்தில் வரும்போது அதன் ஆற்றல் ஏறக்குறைய 30 ஜூல். இந்த ஆற்றலைத் தோள் வாங்கித் தணிக்க வேண்டும்.

தணிப்பதற்குக் கிடைக்கும் தூரம்தான் இங்கே முக்கியம். தோளும் சதையும் 2 சென்டிமீட்டர் பின்வாங்கி அந்த 30 ஜூலையும் தாங்கினால், சராசரி விசை 1,500 நியூட்டன். மெத்தை அமுங்கி இன்னும் ஒரு சென்டிமீட்டர் இடங்கொடுத்தால், அதே ஆற்றல் 1,000 நியூட்டன் விசையிலேயே தணிந்துவிடும். உதையின் மொத்த அளவை மெத்தை குறைப்பதில்லை. அதைச் சற்று நீண்ட தூரத்துக்கும் நேரத்துக்கும் பரப்பிவிடுகிறது. கட்டாந்தரையில் குதிப்பதற்கும் வைக்கோற்போரில் குதிப்பதற்கும் உள்ள வேற்றுமையே இது.

இந்த யுக்தி புதிதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே லண்டன் எஸ். டபிள்யூ. சில்வர் கம்பெனியார் துப்பாக்கிக் கட்டைக்கு ரப்பர் மெத்தை செய்து விற்றார்கள். அவர்களுடைய ரப்பர்த் தொழிற்சாலை இருந்த கிழக்கு லண்டன் பகுதி இன்றும் அவர்கள் பெயரால் சில்வர்டவுன் என்று வழங்குகிறது. செங்கல் நிறமுள்ள அந்த மெத்தைகளை உயர்ந்த துப்பாக்கிகளில் இன்றும் காணலாம். இன்னும் உயர்ந்த வேலையில் ரப்பரின்மேல் மெல்லிய தோலைப் போர்த்தினார்கள். இதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. வெறும் ரப்பர் சட்டைத் துணியில் ஒட்டிக்கொண்டு, துப்பாக்கி தோளுக்கு ஏறும்போது தடுக்கும். தோல் வழுக்கிக்கொண்டு தன் இடத்தில் போய் அமரும்.

ஆகவே, உங்கள் துப்பாக்கியில் பழைய மெத்தை ஒன்று ஏற்கனவே இருக்குமானால், அதுவே அதன் பிறவிக் கோலமாக இருக்கலாம். ரப்பர் மூப்படையும் பொருள். காற்றும் வெளிச்சமும் எண்ணெயும் பட்டு, சில இடங்களில் கல்லாய் இறுகும், சில இடங்களில் பிசினாய் இளகும், வெடித்தும் போகும். அத்தகைய மெத்தையைக் கழற்றி, அதே தடிப்பும் அதே நிறமும் உள்ள புதியதை வைப்பது பழுது பார்த்தலே ஆகும். அதனால் பழமைக்குக் கேடில்லை. கழற்றிய பழைய மெத்தையைத் தூக்கி எறியாமல் ஒரு தாளில் சுற்றி வைத்தால் போதும். 1902-ல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தொடங்கிய கேரளத்து ரப்பர்த் தோட்டத் தொழில், இன்று பொன்முடியின் அடிவாரமான நெடுமங்காடு வட்டாரம் வரை பரந்து கிடக்கிறது. பாலுக்கும் ரப்பருக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆனாலும் செருப்புக்கான ரப்பரை வெட்டி ஒட்டிவிடலாம் என்று எண்ணுதல் கூடாது. கெட்டியான ரப்பர் அமுங்காது, மிக இளகிய ரப்பரோ ஒரே அடியில் நசுங்கி அடிமரத்தில் தட்டும். நடுவே காற்றறைகளோடு வார்த்த மெத்தையே முறையாக வேலை செய்யும்.

மெத்தை இல்லாமல் பிறந்த துப்பாக்கிக்கு வருவோம். ரம்பத்தைக் கையில் எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி: உதைக்குக் காரணம் தோட்டாவா? மேலே சொன்ன கணக்கில் 30 கிராம் ரவைக்குப் பதிலாக, அதே வேகமுள்ள 24 கிராம் ரவைத் தோட்டாவைப் போட்டால், மருந்தும் அதற்கேற்பக் குறைவதால், பின்வாங்கும் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆற்றலோ வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே 30 ஜூல், 19 ஜூல் ஆகிவிடும். எந்த மெத்தையும் இவ்வளவு உதவி செய்யாது. ஒலிம்பிக் பந்தயங்களில் பறக்கும் மண்தட்டைச் சுடுகிறவர்களும் இன்று 24 கிராம் தோட்டாவையே பயன்படுத்துகிறார்கள். இலேசான தோட்டா கிடைக்குமிடத்தில் அதையே முதல் மருந்தாகக் கொள்ள வேண்டும். இங்கே உயிரைப் பற்றிய ஒரு ஜாக்கிரதையும் உண்டு. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இக்காலத்துத் தோட்டாக்கள் பல 70 மில்லிமீட்டர் அறைக்கென்று செய்தவை. நீளத் தோட்டா குட்டை அறையில் நுழையத்தான் நுழையும். ஆனால் வெடித்தபின் அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உதை மிகுதியாக இருப்பதற்கு இதுவே காரணமாகவும் இருக்கலாம். அப்படியானால் மெத்தை வைத்து உதையை மறைப்பது, காய்ச்சலை விட்டுவிட்டுக் காய்ச்சல் மானியை உடைப்பது போலாகும். இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பின்னிச் செய்த டமாஸ்கஸ் குழலாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்ட முத்திரை குழலில் உண்டா என்று தேர்ந்தவர் பார்த்துச் சொன்னாலன்றி அதைச் சுடவே கூடாது.

இரண்டாவது கேள்வி: கட்டை உடலுக்குப் பொருந்துகிறதா? முன் விசையிலிருந்து கட்டையின் அடிமுக நடு வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஆங்கிலேயர் தமக்கென்று செய்துகொண்ட துப்பாக்கிகளில் இது பெரும்பாலும் 14½ அங்குலம், ஏறக்குறைய 37 சென்டிமீட்டர். நம்மவரில் பலருக்கு இது நீளம். நீளமான கட்டை தோளின் குழியில் அமராமல் கைத்தசையின்மேல் விலகி அமரும். அங்கே பட்ட அடிதான் கன்றிப்போகும். குட்டையான கட்டையோ கட்டைவிரல் முட்டியை மூக்கில் மோதவைக்கும். விசைக்காப்பு வளையம் நடுவிரலைக் காயப்படுத்துவதும் உண்டு. கன்னம் படியும் விளிம்பு மிகத் தாழ்ந்திருந்தால் அடி கன்னத்தெலும்பில் விழும். தோள் வலிக்கிறது என்று வருகிறவர்களில் சிலருக்கு வேண்டுவது மெத்தையன்று, பொருத்தமே.

மூன்றாவது கேள்வி: எத்தனை தோட்டாக்கள் சுடப் போகிறோம்? 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை என்ற பொழுதுபோக்கு முடிந்துவிட்டது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியின் பொருட்டு, 2022-ல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு ஓர் அதிகாரம் அளித்தது. அவர்கள் முறைப்படி ஆணையிட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் காட்டுக்கு வெளியே, விளைநிலத்தில் வந்த பன்றியைச் சுடலாம். மரவள்ளியும் வாழையும் ஓர் இரவில் உழுதுபோட்டதுபோல் ஆகிவிடும் மலையடிவார விவசாயிக்கு இது வாழ்வுப் பிரச்சினை. அவ்வேளைகளில் எடுக்கப்படுவன பெரும்பாலும் வீட்டிலிருந்த பழைய இரட்டைக் குழல்களே. போடப்படுவதோ ரவை பெரிதான, உதை வலிதான தோட்டா. ஆனால் ஆண்டுக்குச் சுடுவது நாலைந்து தோட்டா. நாலைந்து உதைக்காக நூற்றாண்டு மரத்தை அறுக்க வேண்டுமா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. நாள்தோறும் ஐம்பது, நூறு என்று பயிற்சி செய்கிறவருடைய நிலை வேறு.

மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டபின்னும் மெத்தை வேண்டுமென்றே தோன்றினால், துப்பாக்கிக்கு மிகக் குறைந்த கேடு செய்யும் வழியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் செல்ல வேண்டும்.

மெத்தையை உடம்பில் அணிவது முதற் படி. தோளுக்கு உட்புறம் பஞ்சோ ரப்பரோ வைத்துத் தைத்த கையில்லாச் சட்டை ஒன்று போதும். துப்பாக்கியில் ஒரு கீறலும் விழாது.

காலுறைபோல் கட்டையின்மேல் இழுத்து மாட்டும் தோல் உறை இரண்டாவது படி. அதன் அடியில் மெத்தை தைத்திருக்கும். வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றலாம். கட்டை சற்றுக் குட்டையாக உள்ளவருக்கு இதனால் நீளமும் சரியாகும். ஆனால் பொன்முடி போன்ற ஈர மலைகளில் ஒரு விதி உண்டு. சுட்டு முடித்ததும் உறையைக் கழற்றிவிட வேண்டும். உறைக்குள் தங்கிய ஈரம் மெருகை வெளுக்கச் செய்யும். ரப்பர் உறையானால் அதன் சத்து எண்ணெய் மெருகில் இறங்கிக் கறையாக நின்றுவிடும். இரண்டு பருவமழையும் பார்க்கும் ஊரில், மாட்டியபடியே பெட்டியில் வைத்த துப்பாக்கி ஆறு மாதத்தில் பூஞ்சணம் பூத்து நிற்கும்.

மரத்தை அறுக்காமல் மெத்தையைத் திருகுவது மூன்றாவது படி. கட்டை குட்டையாயிருந்து, அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ கூட்டலாம் என்ற நிலையிருந்தால் மட்டும் இது ஏற்றது. கொம்புத் தகடு இருக்குமானால் அதன் திருகாணிகளைச் சரியான முனையுள்ள திருப்புளியால் கழற்றி, தகட்டையும் திருகாணிகளையும் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு பழைய துளைகளிலேயே புதிய மெத்தையின் திருகாணிகள் அமையுமாறு மெத்தையைத் துளையிட வேண்டும். மெத்தைக்கேற்ப மரத்தைத் துளையிடுதல் வழக்கமாக நடக்கிறது. மரத்துக்கேற்ப மெத்தையைத் துளையிடுதலே பழமையைக் காக்கும் முறை. அடிமுகத்தில் கீறல் வேலை இருந்தால், அதற்கும் மெத்தைக்கும் இடையே மெல்லிய தோலையோ அட்டையையோ வைத்தல் நலம். பசை எதுவும் கூடாது.

மெத்தை எப்போதும் கட்டையைவிடப் பெரிதாகவே கடையிலிருந்து வரும். அதைக் கட்டையோடு சேர்த்துத் திருகி, அரத்தாலும் உப்புத்தாளாலும் இரண்டையும் ஒன்றாகத் தேய்த்து மட்டப்படுத்துவது பட்டறைகளில் காணும் பழக்கம். தேய்க்கும்போது மெத்தையோடு மரமும் அதன் மெருகும் போய்விடும். அதன்பின் கட்டை முழுவதையும் மறுபடி மெருகேற்ற வேண்டியதாகும். அப்போது துப்பாக்கியின் நூறாண்டு முகம் ஒரு மாலையில் மறைந்துபோம். சரியான முறை இது. கட்டையின் அடிமுகத்தை ஒரு தாளில் வைத்துக் கூரிய பென்சிலால் வரைந்துகொள்க. அந்த வரைபடத்தை மெத்தையின் முகத்தில் ஒட்டி, மெத்தையைத் தனியாகத் தேய்க்க வேண்டும். கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே நிறுத்திவிட்டு, கட்டையில் பொருத்திப் பார்த்து, கழற்றி, மீண்டும் தேய்க்க வேண்டும். பத்து முறை கழற்றி மாட்டினாலும் மரத்தில் உப்புத்தாள் படக்கூடாது. மேல் விளிம்பை, அதாவது குதிகாலைச் சற்று உருட்டிவிட்டால், தோளுக்கு ஏற்றும்போது துணியில் மாட்டாது.

மரத்தை அறுப்பது நான்காவது படி. கட்டை நீளமாயிருந்து, அங்குல மெத்தையும் இன்றியமையாததானால், வேறு வழியில்லாமல் இதற்கு வர நேரிடலாம். ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். நெடிய உடலுள்ள ஒருவருக்கென்று செய்த துப்பாக்கி. இப்போது அதைச் சுட வேண்டியவர் கை குட்டையான முதியவர், தோளில் பழைய முறிவு உள்ளவர். துப்பாக்கி கண்ணாடிப் பெட்டியில் கிடக்க வேண்டுமா, வாழையைக் காக்க வேண்டுமா? இதற்குப் பொது விடை கூற இயலாது. அரும்பொருளான துப்பாக்கியாயின், அதாவது பேர்பெற்ற கைவினைஞரின் வேலை, மாறாத மெருகு, பிறவிப் பெட்டியோடு இருப்பது என்றால், அதை அப்படியே விட்டு, பயிர்க் காவலுக்குச் சாதாரணத் துப்பாக்கி ஒன்றைத் தேடுவதே மேல். ஏற்கனவே மெருகு மாறி, விரிசல் ஒட்டி, பலமுறை பழுது பார்த்த துப்பாக்கியானால், அது உழைப்பதற்கென்றே பிறந்தது. அதனை உழைக்கவிடுவதில் பழியில்லை.

அறுப்பதென்று முடிவானபின் நான்கு விதிகளை மறக்கலாகாது. மெல்லிய பல்லுள்ள ரம்பத்தால், மரத்தைச் சுற்றி ஒட்டுநாடா கட்டி, சிம்பு பெயராமல் அறுக்க வேண்டும். பழைய அடிமுகம் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் வெட்டு விழ வேண்டும். சாய்வு மாறினால் குழல் மேலேயோ கீழேயோ நோக்கும். வேண்டிய அளவுக்கு மேல் ஒரு நூலும் கழிக்கக்கூடாது. அறுத்த துண்டைப் பழைய தகட்டோடு எடுத்து வைக்க வேண்டும், பின்னொருநாள் யாரேனும் துப்பாக்கியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பினால், அதே மரம், அதே இழை, அதே நிறம் கையில் இருக்கும். ரம்பம் தின்ற ஒரு மெல்லிய கோடு மட்டுமே குறையும். நல்ல இணைப்பில் அது கண்ணுக்குப் புலப்படாது.

எடைச் சமநிலையையும் பார்க்க வேண்டும். நல்ல இரட்டைக் குழல், குழல் மடியும் கீலின் அருகே விரல்மேல் வைத்தால் தராசுபோல் நிற்கும். கனத்த மெத்தை அதைப் பின்பக்கம் சாய்த்துவிடும். அப்போது குழல் கையில் இலேசாகி, குறி நிலையாது. ஆகவே கனமற்ற மெத்தையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இனிச் சட்டம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தெருவிலுள்ள தச்சர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், துப்பாக்கியை அவரிடம் விட்டுவிட்டு வருதல் குற்றம் ஆகும். உரிமமுள்ள துப்பாக்கிக் கடைக்கே அதை எடுத்துச் செல்ல வேண்டும், தோட்டா இன்றி, உறையிலிட்டு, உரிமப் புத்தகத்தோடு. ஆனால் முன்னே சொன்ன தாள் வரைபடத்துக்கு உரிமம் தேவையில்லை. அதை எந்தத் தோல் தொழிலாளியிடமும் தச்சரிடமும் கொடுத்து மெத்தையை வடிவு செய்வித்துக்கொள்ளலாம். மரத்தைக் குறைப்பதைப்பற்றிப் பேசினோம். குழலைக் குறைப்பதோ தனி அனுமதியின்றிச் செய்யத்தகாத பெருங்குற்றம்.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவருக்கு இன்னும் ஒரு சொல். ஊரில் தந்தையார் பெயரில் துப்பாக்கி இருக்கலாம். நீங்கள் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கலாம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள், உரிமம் பெற்றவர் காலமானபின் அவருடைய வாரிசுக்கு உரிமம் வழங்க இடந்தருகின்றன. அவர் 70 வயது எய்தினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் வாழுங்காலத்திலேயே மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. தந்தையார் மறைந்தபின் துப்பாக்கியைப் பரணில் போட்டுவிட்டு ஊர் திரும்புவது சட்டப்படி தவறு. உரிமம் ஆகும் வரை அதைக் காவல் நிலையத்திலோ உரிமமுள்ள கடையிலோ ஒப்படைத்து இரசீது பெற வேண்டும். ஒப்படைக்குமுன் குழலுக்கு எண்ணெயும் மரத்துக்கு மெருகெண்ணெயும் இட்டு, எண்ணையும் அடையாளங்களையும் எழுதி, நான்கு புறமும் புகைப்படம் எடுத்துக்கொள்வது அறிவுடைமை. மரம் பட்டறையில் மாறியதா, காவலில் மாறியதா என்ற ஐயம் பிற்பாடு எழாது.

நிறைவாக, செலவில்லாத ஒரு வேலையைச் செய்யும்படி வேண்டிக்கொள்கிறோம். துப்பாக்கிக்கு எந்த மாற்றம் செய்தாலும், அதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கடையில், எவ்வளவு நீளம் இருந்தது, எவ்வளவு ஆயிற்று, பழைய தகடும் திருகாணியும் மரத்துண்டும் எங்கே இருக்கின்றன, யாருடைய தோளுக்காக இது செய்யப்பட்டது என்பதையெல்லாம் குறித்து, அந்தக் காகிதத்தையும் மரத்துண்டையும் ஒரே உறையிலிட்டுத் துப்பாக்கிப் பெட்டிக்குள் வையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், தமிழைப் பேசினாலும் எழுத்துக்கூட்டியே படிக்கத் தெரிந்த ஒரு பேத்தி வேறோர் ஊரில் அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடும். தன் பாட்டனாருக்குத் தோள் வலித்தது என்பதையும், வலித்தபோதும் அவர் இந்த மரத்தை எறிய மனம் வராமல் எடுத்து வைத்தார் என்பதையும் அவள் அப்போது படித்து அறிவாள். மெத்தையை வைத்துக்கொள்வதா, மரத்தை மீண்டும் இணைப்பதா என்பதை அவளே தீர்மானித்துக்கொள்ளட்டும்.